தங்கம் போன பிறகு எஞ்சிய ஊர்: கல்லையும் குப்பையையும் படிப்பது எப்படி?

அரிசி களையும்போது கல் அரித்துப் பழகியவர்களுக்குத் தங்கம் எடுக்கும் முறையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றிச் சாய்த்தால் இலேசான அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். கனமான கல் அடியில் தங்கிவிடும். ஆற்று மணலில் தங்கம் தேடுவதும் இதே வேலைதான். சாதாரண மணலைவிடத் தங்கம் ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். தட்டைச் சுழற்றச் சுழற்ற மணல் வெளியேறும், பொன் அடியில் நிற்கும். நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி அரித்துப் பொன்தூள் எடுப்பவர்களைப் பார்த்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தங்க வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாதி பார்த்துவிட்டார்கள் என்றே சொல்வேன்.

தங்க வேட்டை ஊர்களின் தொல்லியலும் இந்த எளிய உண்மையிலிருந்தே தொடங்குகிறது. ஒரு சிட்டிகைத் தங்கத்துக்காக வண்டி வண்டியாகக் கல்லையும் மண்ணையும் நகர்த்தியாக வேண்டும். எடுத்த தங்கம் வங்கிக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போய்விட்டது. நகர்த்திய கல் நகர்த்திய இடத்திலேயே கிடக்கிறது. அந்தக் கல்லை நகர்த்தியவர் குடித்த புட்டி, தின்ற ஆட்டின் எலும்பு, தேய்ந்த பூட்ஸின் அடித்தோல் ஆகியவையும் அங்கேதான் கிடக்கின்றன. இந்த ஊர்களைத் தோண்டும் ஆய்வாளர்கள் தங்கத்தைத் தேடிப் போவதில்லை. தங்கத்தைத் தேடி வந்து, பெயரைக்கூடச் சரியாகப் பதிவு செய்துவிட்டுப் போகாத மனிதர்களைத் தேடிப் போகிறார்கள்.

எங்கேயோ தங்கம் கிடைத்தது என்ற செய்தி பரவியதும், சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிவதைத்தான் தங்க வேட்டை என்கிறோம். 1848இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலை, 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கும் 1861இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ மாகாணத்துக்கும் பரவியது. ஒரே ஆட்களே பலர் ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்கு நகர்ந்தார்கள். இந்தக் கட்டுரைக்கு ஒட்டாகோவையே முதன்மை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே மழை குறைவு, மரம் குறைவு, பிற்காலத்தில் மக்கள்தொகையும் குறைவு. அதனால் நிலத்தின் மேலேயே ஏராளமான தடயங்கள் அழியாமல் நிற்கின்றன.

1861 மே மாதத்தில் டாஸ்மேனியாவிலிருந்து வந்திருந்த கேப்ரியல் ரீட், டுவாப்பெக்கா பகுதியின் ஓர் ஓடைப் பள்ளத்தில் இரண்டரை அடி சரளையை வாரி எறிந்தபோது, அடியிலிருந்த மென்மையான பாறையின் மேல் தங்கத்தைக் கண்டார். உறைபனி பெய்யும் இருட்டு இரவில் ஓரியன் விண்மீன்கள் மின்னுவதைப் போல அது மின்னியது என்று எழுதினார். அவருக்கு முன்பே அந்தப் பகுதியில் தங்கம் கண்டவர் எட்வர்ட் பீட்டர்ஸ் என்ற, இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி. பள்ளத்துக்கு ரீடின் பெயர்தான் நிலைத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹார்ட்லி, ரைலி என்ற இருவர் 87 பவுண்டு எடையுள்ள தங்கத்தை டனீடின் நகருக்குக் கொண்டுவந்து இறக்கியதும், கூட்டம் இன்னும் உள்ளே, குளூதா ஆற்றின் வறண்ட பள்ளத்தாக்குகளுக்கு நகர்ந்தது. குரோம்வெல், ஆரோடவுன் போன்ற ஊர்கள் அப்படி முளைத்தவை.

மீன்முள் வடிவத்தில் கற்கள்

குரோம்வெல்லுக்கு அருகே நார்த்பர்ன் என்ற இடம் இருக்கிறது. அதை மேலிருந்து பார்த்தால், தரையில் ஒரு பெரிய மீனின் எலும்புக்கூட்டைப் பரப்பி வைத்தது போலத் தெரியும். நடுவே ஒரு நீண்ட பள்ளம். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கல்வரிசைகள். பாழடைந்த கோட்டைச் சுவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அவை அனைத்தும் கழிவு. சுரங்கத் தொழிலில் இதை டெய்லிங்ஸ் என்பார்கள்.

இந்த வடிவம் எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஆற்றங்கரை மேட்டின் விளிம்பில் தண்ணீரைக் கொட்டுவார்கள். மண் கரைந்து ஓடும். ஓடும் வழியில் கிடக்கும் தங்கம் கனத்தால் கால்வாயின் அடியில் படியும். ஆனால் மண்ணோடு பெரிய கற்களும் உருண்டு வரும்; அவை கால்வாயை அடைத்துவிடும். ஆகவே தொழிலாளி அந்தக் கற்களைக் கையால் பொறுக்கி, வேலை முடிந்த பகுதியில் பின்னால் வரிசையாக அடுக்குவார். அந்தப் பட்டை முடிந்ததும் சற்று முன்னே நகர்ந்து அடுத்த பட்டையைக் கரைப்பார். அங்கேயும் ஒரு வரிசை எழும். இப்படியே போகும்போது, நடுப்பள்ளம் கழிவுநீர் வெளியேறிய வழியாகவும், ஒவ்வொரு முள்ளும் வேலையின் ஒரு கட்டமாகவும் நிலத்தில் பதிந்துவிடுகிறது. முள்ளை எண்ணிக்கொண்டே போனால், அந்த மனிதர்கள் எந்தத் திசையில் நகர்ந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரியும். எழுத்து தெரியாதவர்கூட இங்கே தன் நாட்குறிப்பைக் கல்லால் எழுதி வைத்திருக்கிறார்.

குவியலின் வடிவம் முதலீட்டின் அளவையும் காட்டும். இடுப்பளவுக் குழியும் பக்கத்தில் ஒரு சின்ன மண்மேடும் இருந்தால் ஒருவரோ இருவரோ மண்வெட்டியோடு செய்த வேலை. மீன்முள் என்றால் கூட்டாளிகள் சேர்ந்து தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மலையே செங்குத்தாக வெட்டுண்டு நின்றால், குழாயில் அழுத்தத்தோடு வந்த நீரைப் பீச்சி அடித்திருக்கிறார்கள். அதற்குப் பணம் வேண்டும், கம்பெனி வேண்டும். செயின்ட் பாத்தன்ஸ் என்ற ஊரில் 120 மீட்டர் உயரமிருந்த கில்டேர் குன்றை இப்படிக் கரைத்தே தீர்த்தார்கள். குன்று நின்ற இடத்தில் பெரும்பள்ளம் விழுந்தது. 1934இல் வேலை நின்றதும் அதில் நீர் நிரம்பியது. இன்று அது நீல நிற ஏரியாகச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. இயற்கை ஏரி என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஏரியின் கரை முழுக்க மனித உழைப்பு.

பிறை நிலாக்களை அடுக்கியது போன்ற சரளை மேடுகள் ஆற்றோரம் கிடந்தால், அங்கே மிதவை இயந்திரம் ஓடியிருக்கிறது என்று பொருள். சங்கிலியில் கோத்த வாளிகளால் ஆற்றடி மண்ணை அள்ளி, உள்ளே அலசி, பின்பக்கம் கொட்டிக்கொண்டே நகரும் இயந்திரம் அது. 1889இல் ஷாட்டோவர் ஆற்றில் இதை வெற்றிகரமாக ஓட்டிக்காட்டி, பெரும் மிதவை அலைக்கு வழி திறந்தவர் சோயி சூ ஹோய் என்ற டனீடின் சீன வணிகர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஒழுங்காக அடுக்கிய கல்வரிசையைக் கண்டால் 'இது சீனர் வேலை' என்று சொல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. கல்லை அடுக்கும் முறையைத் தீர்மானிப்பது நிலத்தின் சரிவும் கல்லின் அளவும் தண்ணீரின் வரத்தும்தான். ஐரோப்பியரும் அப்படி அடுக்கினார்கள். பக்கத்தில் யார் குடியிருந்தார் என்று தெரியாமல் குவியலை மட்டும் வைத்து ஓர் இனத்தின் பெயரைச் சூட்டுவது தொல்லியல் ஆகாது.

தண்ணீர் வந்த வழி

தங்கத்தைவிடத் தண்ணீர் முக்கியம் என்பதை இந்த நிலத்தில் நடந்து பார்த்தால்தான் உணர முடியும். மலைச்சரிவில் ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகள் தெரியும். ஆட்டுத்தடம் போலிருக்கும் அவை வாய்க்கால்கள். உள்ளூரில் ரேஸ் என்பார்கள். பம்பு கிடையாது, மேலே ஓர் ஓடையில் மறித்து, சரிவு கூடாமலும் குறையாமலும் பல மைல் தூரம் வெட்டிக் கொண்டுவர வேண்டும். சரிவு கூடினால் வாய்க்கால் அரித்துப்போகும், குறைந்தால் வண்டல் படிந்து அடைக்கும். நம் ஊரில் ஏரிக்கால் வெட்டியவர்களுக்கு இருந்த அதே கண் இவர்களுக்கும் இருந்திருக்கிறது. 1870களில் அரசு வெட்டிய மவுண்ட் ஐடா வாய்க்கால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். இன்றும் பாசனத்துக்குப் பயன்படுகிறது.

வாய்க்காலைப் பின்தொடர்ந்து கீழே வந்தால் அணை, அணைக்குக் கீழே வெட்டுமுகம், வெட்டுமுகத்துக்குக் கீழே கற்குவியல், அதற்குக் கீழே ஆறு. இந்தச் சங்கிலி முழுவதையும் சேர்த்துத்தான் ஒரு களமாகப் படிக்க வேண்டும். வாய்க்கால் ஒன்றை இன்னொன்று வெட்டிக்கொண்டு போனால், எது முந்தியது எது பிந்தியது என்பதும் தெரிந்துவிடும்; வெட்டப்பட்டது மூத்தது, வெட்டியது இளையது. தொல்லியலின் அடிப்படை விதி இதுதான். மண்ணடுக்கில் செங்குத்தாகப் பார்ப்பதை இங்கே மலைச்சரிவில் கிடைமட்டமாகப் பார்க்கிறோம்.

இன்னொரு எச்சம் கண்ணுக்குத் தெரியாதது. அன்றைய சுரங்கக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்ட தண்ணீர் உரிமைகள் சட்டத்தில் தொடர்ந்து உயிரோடு இருந்து, பண்ணைகளின் கைக்கு மாறி, 2021 அக்டோபரில்தான் காலாவதியாகின. தங்க வேட்டை ஓய்ந்து வெகுகாலம் ஆன பிறகும் அந்தத் தாள்கள் ஆற்றின் போக்கைத் தீர்மானித்துக்கொண்டிருந்தன.

இதுவரை சொன்னது ஆற்று மணலில் கிடைக்கும் தங்கம். பாறைக்குள் குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லின் நரம்பில் சிக்கிய தங்கம் வேறு கதை. அதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டும், பாறையை இடித்துப் பொடியாக்கும் இரும்பு உலக்கை வரிசை வேண்டும். குரோம்வெல்லுக்கு வடக்கே பெண்டிகோ மலைகளில் 1869க்குப் பிறகு அந்த வேலை நடந்தது. லோகன்டவுன், வெல்ஷ்டவுன் என்ற இரண்டு ஊர்களின் கற்சுவர்கள் இன்னும் புல்வெளியில் நிற்கின்றன. இத்தகைய வேட்டை நம் நீலகிரியிலும் நடந்தது. தேவாலா, பந்தலூர் பகுதியை ஆராய இந்திய அரசு அழைத்துவந்த பிரவ் ஸ்மித், விக்டோரியாவின் சுரங்கத்துறைச் செயலராக இருந்தவர். 1880இல் வந்த அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, இயந்திரங்கள் மலையேறின, சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. அங்கே பழங்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தங்கம் அரித்துக்கொண்டிருந்தார்கள். தேவாலாப் பக்கம் தேயிலைக்கு நடுவே கைவிடப்பட்ட சுரங்கவாய் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், உள்ளே இறங்கிவிடாதீர்கள். எட்ட நின்று, தண்ணீர் எந்த வழியாக வந்திருக்கும், பாறையை எங்கே இடித்திருப்பார்கள் என்று சுற்றுமுற்றும் தேடுங்கள்.

கூடாரம் எங்கே போயிற்று?

ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இடத்தில் வீடே இல்லையே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலில் வந்தவர்கள் கித்தான் கூடாரத்தில் வாழ்ந்தார்கள். கித்தான் மக்கிவிடும், அல்லது அடுத்த களத்துக்குச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மரமே இல்லாத உள்ஒட்டாகோவில் ஒரு கம்பு என்பது சொத்து. கதவும் உத்தரமும் ஆளோடு பயணம் செய்தன. ஆற்று மணல்திட்டில் குடியேறியவர்களின் நிலை இன்னும் மோசம். 1863 ஜூலையில் ஆரோ, ஷாட்டோவர் ஆறுகளில் வந்த வெள்ளம் மணல்திட்டுகளோடு மனிதர்களையும் அடித்துக்கொண்டு போனது, அடுத்துப் பெரும்பனி. ஆகவே மிக அதிகமான பேர் வாழ்ந்த முதல் இரண்டு ஆண்டுகளின் தடயம்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. எது பிழைத்திருக்கிறதோ அதுதான் பெரிதாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, எதைத் தேடுவது? சரிவான நிலத்தில் கட்டில் போடும் அளவுக்கு மட்டமாக வெட்டிய ஒரு திட்டு. அதன் ஒரு முனையில் சரிந்து கிடக்கும் கற்கும்பல்; அது கணப்படுப்பும் புகைபோக்கியும். கூடாரத்தில் வாழ்ந்தவர்கூட ஒரு பக்கம் கல்லால் அடுப்பு கட்டிக்கொண்டார், குளிர் அப்படி. அடுப்பைச் சுற்றி இரண்டு மூன்று ஆணி, பச்சைக் கண்ணாடிச் சில்லு. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஒருவருடைய வீடு. பாறைக்குடைவின் முன்னால் கல் அடுக்கி அடைத்து உள்ளே குடியிருந்தவர்களும் உண்டு. குளூதா, கவராவ் ஆற்று மலையிடுக்குகளில் அப்படிப் பல. மூன்று பக்கமும் மலையே சுவர் என்பதால் அவற்றின் தரை கலையாமல் இருந்தது. சில இடங்களில் வீட்டோடு மரமும் நிற்கிறது. பானக்பர்னில் ஸ்டூவர்ட் டவுன் என்ற இடத்தில், அணை கட்டித் தண்ணீர் விற்ற இரண்டு கூட்டாளிகளின் மண்கட்டி வீடும், பக்கத்தில் அவர்கள் காலத்துப் பேரி மரங்களும் இருக்கின்றன.

குப்பைக்குழியின் கணக்கு

இனி தோண்டும் வேலை. வீட்டுத் தரையும் குப்பைக்குழியும்தான் முக்கியம். பொருள்களுக்கு வயது சொல்லும் முறை தொடக்கநிலையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது.

புட்டியின் கண்ணாடியில் அச்சின் இணைப்புக்கோடு கழுத்தின் கீழே நின்றுவிட்டால், வாயைத் தனியாகக் கையால் செய்து ஒட்டியிருக்கிறார்கள். கோடு வாய்வரை ஏறினால் அது இயந்திரம் செய்த, பிந்தைய காலப் புட்டி. தகர டப்பாவின் மூடியில் ஈயம் பற்றவைத்த துளை இருந்தால் பழையது. ஆணி சதுரமாகவா உருண்டையாகவா என்றும் பார்ப்பார்கள். கம்பியை வெட்டிச் செய்த உருண்டை ஆணி பிற்காலத்தது. பீங்கானின் அடியில் தொழிற்சாலை முத்திரை இருந்தால் வேலை இன்னும் எளிது.

ஆனால் வயது சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. ஒட்டாகோவின் சீனக் குடிசைகளில் நடுவே சதுரத் துளையிட்ட செப்புக்காசுகள் கிடைக்கின்றன. அவற்றில் பல 1700களில் வார்க்கப்பட்டவை. காசை வைத்து வயது சொன்னால், தங்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று சொல்ல வேண்டிவரும்! அந்தக் காசுகள் சீனாவில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி, பிறகு கப்பலேறி வந்தவை. நியூசிலாந்துக் கடையில் அவை செல்லாது. சூதாட்டத்தில் எண்ணிக்கைக்காகப் பயன்பட்டன. எனவே விதி இது: ஒரு மண்ணடுக்கில் கிடைக்கும் பொருள்களிலேயே இளையது எதுவோ, அந்த அடுக்கு அதற்குப் பிறகுதான் மூடப்பட்டிருக்க முடியும். மூத்த பொருள் எதையும் நிரூபிக்காது. பாட்டியின் குத்துவிளக்கு இருப்பதால் வீடு பாட்டி காலத்தது ஆகிவிடுமா?

ஓடைக்கரையின் சீனக் குடியிருப்பு

1860களின் நடுவில் எளிதாகக் கிடைத்த தங்கம் தீர்ந்தது. கூட்டம் நியூசிலாந்தின் தெற்குத் தீவின் மேற்குக் கரைக்கு ஓடியது. காலியாகிக்கொண்டிருந்த களங்களை நிரப்ப, டனீடின் வணிகர் சங்கம் விக்டோரியாவில் இருந்த சீனச் சுரங்கக்காரர்களுக்கு அழைப்பு விடுத்தது. 1866இல் முதல் குழு வந்தது. பிறகு குவாங்டாங் மாகாணத்தின் கிராமங்களிலிருந்து நேராக வந்தார்கள். அழைத்தவர்களே பின்னர் வெறுத்தார்கள். 1881இல் சீனர்களுக்கு மட்டும் ஆளுக்கு 10 பவுண்டு தலைவரி. 1896இல் அது 100 பவுண்டாக உயர்ந்தது. 1881 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 5,000 சீனர்கள். அவர்களில் பெண்கள் 9 பேர் மட்டுமே. இந்த ஒரு எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குடிசைகளின் தரையைப் பார்க்க வேண்டும்.

செய்தித்தாள்கள் அன்றே வெளிவந்தனவே, அவற்றைப் படித்தால் போதாதா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. செய்தித்தாளை எழுதியவர் ஐரோப்பியர். அவர் சீனக் குடியிருப்பைப் பார்த்தபோது அபினியையும் சூதாட்டத்தையும் மட்டுமே பார்த்தார். குடியிருந்தவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் நம் கைக்கு வந்தவை அரிது. இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்பக்கூடியது மண் மட்டும்தான்.

குளூதா ஆற்றின் குறுக்கே கிளைட் அணை கட்டத் திட்டமிட்டபோது, மூழ்கப்போகும் பள்ளத்தாக்கை ஆராயும் பொறுப்பு நெவில் ரிட்சி என்ற தொல்லியலாளரிடம் வந்தது. 1977 முதல் பத்தாண்டுகள் அவர் பாறைக்குடைவு முதல் ஊர்வரை சீனர் வாழ்ந்த பல இடங்களைத் தோண்டினார். குரோம்வெல் ஊரின் சீனத் தெரு அவற்றில் ஒன்று. 1983இல் ஆரோடவுனின் ஓரத்தில், புஷ் ஓடைக்கரையில் இருந்த சீனக் குடியிருப்பும் தோண்டப்பட்டது. 1880களில் அங்கே பத்துப் பன்னிரண்டு குடிசைகளும் கடைகளும் காய்கறித் தோட்டங்களும் இருந்தன.

குடிசைகள் மிகச் சிறியவை. கல், மண்கட்டி, நெளிதகடு, நசுக்கி விரித்த தகர டப்பா, சாக்கு என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சுவராகவும் கூரையாகவும் ஆகியிருக்கிறது. தரையில் கிடைத்தவை இரண்டு உலகத்துப் பொருள்கள். பழுப்பு மெருகு பூசிய சோயா சாறு ஜாடி, இஞ்சி ஜாடி, மூங்கிலும் பூவும் தீட்டிய சோற்றுக் கிண்ணம், அரிசி மது வந்த குடுவை ஆகியவை ஒரு பக்கம். ஐரோப்பியப் பீர் புட்டி, வலிநிவாரணி மருந்துக் குப்பி, ஆங்கிலேயப் பூட்ஸ், கால்சட்டைப் பொத்தான் ஆகியவை மறுபக்கம். வேலைக்கு உடுத்தியது ஐரோப்பிய உடை. சோறும் சாறும் தாய்நாட்டுச் சுவை. பன்றி எலும்போடு, மலிவாகக் கிடைத்த ஆட்டின் எலும்பும் உண்டு. உடுப்பை மாற்றிக்கொள்ளலாம், நாக்கை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது என்பது கடல் கடந்து போன எல்லாக் குடும்பங்களுக்கும் தெரியும்.

அபினி டப்பாக்களும் கிடைத்தன, மறைக்க வேண்டியதில்லை. பித்தளைத் தகட்டில் வணிக முத்திரை குத்திய சிறு டப்பாக்கள். அபினி அங்கே 1901 வரை சட்டப்படியே இறக்குமதியானது, அரசு அதற்குச் சுங்கமும் வாங்கியது. ஆனால் ஒரு குழியில் இருபது டப்பா இருந்தால், அதை ஒருவர் ஒரு மாதத்தில் புகைத்தாரா, ஐந்து பேர் ஐந்து ஆண்டுகளில் புகைத்தார்களா என்பதைக் குழி எத்தனை காலம் நிரம்பியது என்று தெரியாமல் சொல்ல முடியாது. அதே குழியில் கிடக்கும் ஐரோப்பிய வலிநிவாரணிக் குப்பிகளில் பலவற்றிலும் அபினி கலந்திருந்தது. அதைக் குடித்தவரை யாரும் அபினிக்காரர் என்று அழைக்கவில்லை. தொல்லியல் செய்யக்கூடிய நேர்மையான வேலை இந்த இரண்டு பொருள்களையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

ஆரோடவுன் குடியிருப்பில் ஆ லும் என்பவரின் கடை இன்றும் முழுதாக நிற்கிறது. 1880களில் கட்டிய கட்டடம் அது. 1909இலிருந்து 1920கள்வரை நடத்தியவர் ஆ லும். மளிகை வாங்கவும், பணத்தைப் பத்திரமாக வைக்கவும், கடிதம் எழுதவும், ஆங்கிலம் பேச வேண்டிய இடத்தில் துணைக்கு அழைக்கவும் முதுமையில் தனித்துவிட்ட சுரங்கக்காரர்களுக்கு அந்தக் கடைதான் இருந்தது. கடையும் சீரமைக்கப்பட்ட குடிசைகளும் இப்போது எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. தாழ்ந்த வாசல் வழியாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

தங்க வேட்டை என்றாலே தாடி வைத்த தனி ஆண்கள் என்ற படம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விக்டோரியாவின் மூராபூல் பகுதியில் டாலீஸ் கிரீக் என்ற ஏழைக் களத்தைச் சூசன் லாரன்ஸ் ஆராய்ந்தபோது, அங்கே பெண்களும் குழந்தைகளும் சேர்ந்து குடும்பமாக வாழ்ந்தது மண்ணிலிருந்து தெளிவாயிற்று. கூடாரத்துக்குள் அச்சுப்பூப் போட்ட தேநீர்க் கோப்பைகள்! நாளைக்கே கிளம்ப வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தும், உடையக்கூடிய பீங்கானைச் சுமந்து வந்து விருந்தினருக்குத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள்.

அழிவது எப்படி?

தங்க வேட்டையின் மிகப் பெரிய எதிரி அடுத்த தங்க வேட்டை. முதலில் வந்தவரின் குழியை இரண்டாவதாக வந்தவர் கரைத்தார். இருவர் விட்டதையும் மிதவை இயந்திரம் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு ஏரி. 1992-93இல் கிளைட் அணை நிரம்பியபோது குரோம்வெல்லின் சீனத் தெரு இருந்த இடம் டன்ஸ்டன் ஏரிக்குள் போய்விட்டது. இப்போது அந்தத் தெரு ரிட்சியின் குறிப்புகளிலும் பெட்டிகளில் அடுக்கிய சில்லுகளிலும்தான் இருக்கிறது.

பழம்புட்டி சேகரிப்பவர்கள் செய்த சேதம் இன்னொரு வகை. அழகான ஜாடிக்காகக் குப்பைக்குழியைக் கடப்பாரையால் கிளறினார்கள். ஜாடி அலமாரிக்குப் போயிற்று. அது எந்த அடுக்கில், எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்ற செய்தி அந்த நிமிடமே செத்தது. மேலே சொன்ன காசுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் கிடந்த மற்ற பொருள்கள் இல்லாவிட்டால் அந்தக் காசு ஒரு பொய்சாட்சி. நியூசிலாந்துச் சட்டம் இன்று 1900க்கு முந்தைய மனித நடவடிக்கையின் தடம் உள்ள எந்த இடத்தையும் தொல்லியல் களமாகக் கருதுகிறது. அனுமதியின்றிக் கலைக்கக் கூடாது. பார்க்கப் போகிறவர் கேமராவை எடுத்துப் போகலாம், கையில் எதையும் எடுத்துவரக் கூடாது.

வெற்றுக் கல்லறைகள்

ஒட்டாகோவின் பழைய கல்லறைத் தோட்டங்களில் சீனர் பகுதியில், உள்ளே யாருமே இல்லாத கல்லறைகள் இருக்கும். இறந்தவரின் எலும்பு பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே பிள்ளைகள் படையல் வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்காகவே உயிரோடு இருந்தபோது சீனர்களே நடத்திய ஒரு சங்கத்துக்குப் பணம் கட்டினார்கள். சங்கத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கல்லறைகளைத் திறந்து, எலும்புகளைச் சேகரித்து, பெட்டியில் வைத்துப் பெயர் எழுதினார்கள்.

1902 அக்டோபரில் வெண்ட்னர் என்ற கப்பல் 499 பேரின் உடல்களோடு ஹாங்காங் நோக்கிப் புறப்பட்டது. தாரனாக்கிக் கரையோரம் பாறையில் மோதி, ஹோக்கியாங்கா கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. மிதவை இயந்திரத்தை ஓட்டிக்காட்டிய சோயி சூ ஹோய் 1901இல் இறந்திருந்தார். அவர் தலைமை வகித்த சங்கம்தான் கப்பலை ஏற்பாடு செய்திருந்தது. அவருடைய உடலும் அதில் இருந்தது. அலை கரையில் ஒதுக்கிய எலும்புகளை அந்தக் கரையில் வாழ்ந்த, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள், யாருடையவை என்று கேட்காமல், தங்கள் முன்னோர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எங்கே அடக்கம் செய்தோம் என்பதைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சீன வம்சாவளிக் குடும்பங்கள் தேடிக்கொண்டு வந்தபோது, இடத்தைக் காட்ட அங்கே ஆட்கள் இருந்தார்கள்.